நஸ்ரி மாளிகை டிக்கெட் கிடைக்காவிட்டால் கிரனாடா போகலாமா?

ஸ்பெயினில் பத்து நாள் சுற்றப் போகிறீர்கள். அதில் கிரனாடாவுக்கு ஒன்றரை நாள். அங்கே மேட்டின் மேல் உள்ள கோட்டை நகரமான அல்ஹம்ப்ராவில், பழைய முஸ்லிம் அரசர்கள் வாழ்ந்த நஸ்ரி மாளிகைகளைப் பகலில் பார்க்கும் டிக்கெட் உங்கள் தேதிக்குத் தீர்ந்துவிட்டது. தோட்டங்களையும் கோட்டையையும் மட்டும் பார்க்கும் டிக்கெட் இருக்கிறது. மாளிகை பார்க்காமல் அங்கே போவது வீண் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், கூட வரும் அம்மாவுக்கு மூட்டுவலி வேறு, பேசாமல் வேறு ஊருக்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: "எங்களுக்கு வரலாறெல்லாம் தெரியாது, வெறும் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது." அந்த வரியில்தான் உங்கள் உண்மையான கேள்வி இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. எல்லா டிக்கெட்டும் கையில் இருந்தும், வரிசையோடு நகர்ந்து, படம் எடுத்து, ஒன்றையும் பார்க்காமல் வெளியே வருகிறவர்கள் அங்கே தினமும் இருக்கிறார்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: போங்கள். ஊரை மாற்ற வேண்டாம். நான் கட்டடக்கலை படித்து, பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். அதிலும் சுதை வேலையும் சுண்ணாம்புப் பூச்சும்தான் என் பிரிவு. படிப்புக்காக ஒரு வருடம் கிரனாடாவில் தங்கியிருந்தேன், அப்புறமும் சில முறை போய்வந்தேன். எனக்கு அரபி வாசிக்கத் தெரியாது. அங்குள்ள எழுத்துகளைப் பற்றிச் சொல்வதெல்லாம் அறிஞர்கள் மொழிபெயர்த்ததை வைத்துத்தான். கட்டணம் எவ்வளவு என்றும் சொல்லப் போவதில்லை, அது அடிக்கடி மாறுகிறது. நிர்வாகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடத்தைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் என்றால் உறுதியாகப் பேச முடியும்.

வரலாறு தெரியாது என்றீர்கள். ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் போதும்: இவ்வளவு உயரமான மேட்டுக்குத் தண்ணீர் எப்படி வந்தது? அல்ஹம்ப்ரா ஒரு தனி மாளிகை இல்லை, மதில் சூழ்ந்த ஒரு சிறிய நகரம். அரண்மனைகள், பள்ளிவாசல், குளியல் கூடங்கள், படைவீரர் வீடுகள், தோல் பதனிடும் இடம் எல்லாம் உள்ளேயே இருந்தன. தார்ரோ ஆறு கீழே பள்ளத்தாக்கில் ஓடுகிறது. மேட்டில் ஒரு பழைய கோட்டை 11ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது, ஆனால் ஒரு நகரம் குடியிருக்கும் அளவுக்குத் தண்ணீர் இல்லை. 1238இல் கிரனாடாவுக்கு வந்து நஸ்ரி என்ற முஸ்லிம் அரச மரபைத் தொடங்கிய முதலாம் முகம்மது, ஆற்றின் மேற்போக்கில் சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி தண்ணீரைத் திருப்பி, மலைச்சரிவை ஒட்டியே மெல்லிய சாய்வில் ஒரு வாய்க்கால் கொண்டுவந்தார். ஆறு செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. வாய்க்கால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்குகிறது. மேட்டை அடையும்போது ஆறு எங்கோ அடியில், வாய்க்கால் மேட்டுக்கு மேலே. ஏற்றமோ இறைப்போ இல்லாமல் தண்ணீர் தானாக வந்து சேர்கிறது. இதை அரச வாய்க்கால், ஸ்பானிய மொழியில் அசேக்கியா ரெயால், என்கிறார்கள். அசேக்கியா என்ற சொல்லே அரபியின் சாகியாவிலிருந்து வந்ததுதான்.

அந்தத் தண்ணீர் முதலில் வந்து சேரும் பெரிய இடம் ஹெனராலிஃபே, அதாவது சுல்தான்களின் கோடை மாளிகையும் தோட்டமும். அங்கிருந்து ஒரு சிறு பாலத்தின் மேல் ஓடி, தண்ணீர்க் கோபுரம் என்ற இடத்தில் மதிலைக் கடந்து அல்ஹம்ப்ராவுக்குள் நுழைகிறது. பிறகு குளியல் கூடங்கள், குளங்கள், நீரூற்றுகள் எல்லாவற்றுக்கும் பிரிகிறது. நஸ்ரி மாளிகைகள் இந்த ஓட்டத்தில் பின்னால்தான் வருகின்றன. ஆக, உங்களுக்குக் கிடைத்திருக்கும் தோட்ட டிக்கெட் மிச்சம் மீதி இல்லை. தண்ணீர் நுழையும் வாசலே அதில்தான் இருக்கிறது. காலையில் முதல் வேலையாக ஹெனராலிஃபே போங்கள், வெயிலும் ஏறியிருக்காது, கூட்டமும் குறைவு.

அங்கே வாய்க்கால் முற்றம் என்று ஒரு நீண்ட முற்றம். நடுவில் ஓடுவது அலங்காரத்துக்காக வெட்டிய தொட்டி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அதுதான் அந்த அரச வாய்க்காலே. மொத்த நகரத்தின் குடிநீரைத் தங்கள் முற்றத்தின் நடுவே ஓடவிட்டு, அதன் இரு பக்கமும் செடி வைத்து, முனையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபுறமிருந்தும் வளைந்து பாயும் நீர்த்தாரைகளைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். அவை 19ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை. சுல்தான்கள் காலத்தில் இங்கே தண்ணீர் இவ்வளவு சத்தம் போடவில்லை. 1958இல் இந்த முற்றத்தில் ஒரு தீ விபத்து நடந்தது. அதற்குப் பிறகு தோண்டிப் பார்த்தபோது பழைய தோட்டத்தின் மண் இப்போதைய பாத்திகளைவிட நன்றாகத் தாழ்வாக இருந்தது தெரியவந்தது. அதாவது நடைபாதையில் நிற்பவருக்குப் பூக்கள் காலடி மட்டத்தில், ஒரு கம்பளத்தைப் போலத் தெரிந்திருக்கும். அந்த மண் மட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று பாருங்கள், முற்றமே வேறாகத் தெரியும்.

அங்கே போவதற்கு முன் கீழ்த் தோட்டங்களில் நடப்பீர்கள். உயர்ந்த சைப்ரஸ் மரங்களை வெட்டிச் சுவர்களாகவும் வளைவுகளாகவும் ஆக்கிய தோட்டம் அது. அழகுதான், ஆனால் அது மூர்களின், அதாவது அங்கே ஆண்ட முஸ்லிம்களின், தோட்டம் இல்லை. 1931இலும் அதற்குப் பின்னும் ஸ்பானியக் கட்டடக்கலைஞர்கள் போட்ட தோட்டம். "எண்ணூறு வருடத் தோட்டம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உண்மையிலேயே பழையதைப் பார்க்க வேண்டுமானால் கைப்பிடிச் சுவர் ஓரமாகச் சரிவின் கீழே பாருங்கள். படிக்கட்டு போல வெட்டிய மேடைகளில் காய்கறி பயிரிட்டிருப்பார்கள். சுல்தான்கள் காலத்திலிருந்து இன்றுவரை விளைந்துகொண்டிருக்கும் நிலம் அது, அதே வாய்க்கால் தண்ணீரில். எனக்கு ஹெனராலிஃபேயில் மிகப் பிடித்தது அந்தக் காய்கறிப் பாத்திகள்தான். நின்று பார்ப்பவர்கள்தான் குறைவு.

மேல்புறத்தில், திறந்திருந்தால், தண்ணீர்ப் படிக்கட்டு இருக்கிறது. படிகளின் இரு பக்கக் கைப்பிடிச் சுவரின் மேல் பள்ளம் எடுத்து, அதில் தண்ணீரை ஓடவிட்டிருக்கிறார்கள். நாம் மேலே ஏறும்போது கைப்பக்கத்தில் தண்ணீர் கீழே இறங்குகிறது. நடுநடுவே வட்ட மேடை, அதன் நடுவில் ஒரு சிறு ஊற்று. மேலே மரங்கள் கவிந்து வெயிலே படாது. ஆகஸ்டு மதியத்தில் கீழே கல் கொதிக்கும்போது அந்தப் படியில் காற்று சில்லென்று இருக்கும். ஓடும் நீர் ஆவியாகிக் காற்றைக் குளிர்விப்பதை உடம்பாலேயே தெரிந்துகொள்ளலாம். அம்மாவால் ஏற முடியாவிட்டால் வற்புறுத்தாதீர்கள், கீழே நிழலில் உட்கார்ந்தாலே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்.

ஒரு சின்ன விஷயம், தமிழ் படிக்கிறவர்களுக்காக. கிரனாடாவில் முற்றங்களிலும் தெருவோரங்களிலும் ஆரஞ்சு மரங்களைப் பார்ப்பீர்கள்; பல இடங்களில் அது கசப்பு ஆரஞ்சு, பறித்துத் தின்ன முடியாது. ஸ்பானிய மொழியில் ஆரஞ்சுக்கு நராஞ்ஹா என்று பெயர். அது அரபியின் நாரஞ்சு. அது பாரசீகத்தின் நாரங். அது சமஸ்கிருதத்தின் நாரங்கம். இதுவரை சந்தேகமே இல்லை. சமஸ்கிருதச் சொல்லுக்கு மூலம் திராவிடம், நம் நாரங்காய், நாரத்தை என்ற சொற்களின் உறவு என்று மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். இந்தக் கடைசிப் படி மட்டும் முன்னதைப் போல நிரூபணமானது இல்லை, ஆனால் வலுவான கருத்து. சொல்லும் மரமும் ஒரே வழியில் கைமாறிக் கைமாறி அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன.

ஹெனராலிஃபேயிலிருந்து அல்ஹம்ப்ராவுக்குள் நடந்து வந்தால் பர்த்தால் என்ற பகுதி. உங்கள் டிக்கெட்டில் இதுவும் உண்டு. பெரிய குளம், அதன் ஓரத்தில் ஐந்து வளைவுகளோடு ஒரு முன்மண்டபம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றாம் முகம்மது கட்டியது. இன்று நிற்கும் அரண்மனைக் கட்டடங்களில் இதுதான் மிகப் பழையது. இதன் மரக் கூரை ஒன்று இப்போது பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்த மண்டபம் ஒரு ஜெர்மானியருக்குச் சொந்தமாக இருந்தது. அவர் கட்டடத்தை ஸ்பானிய அரசுக்குக் கொடுத்தபோது கூரையைக் கழற்றித் தன்னோடு கொண்டுபோய்விட்டார். என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தக் கூரை இருந்த இடத்தின் கீழ் நிற்பது வருத்தமான அனுபவம். சுற்றியுள்ள தோட்டம் 20ஆம் நூற்றாண்டு வேலை. 1923 முதல் 1936 வரை அல்ஹம்ப்ராவின் பொறுப்புக் கட்டடக்கலைஞராக இருந்த லியோபோல்தோ தோர்ரெஸ் பல்பாஸ், இடிந்த வீடுகளின் அடித்தளங்களை மறைக்காமல் அவற்றின் மேலேயே செடி வைத்தார். காணாமல் போனதைக் கற்பனையாகக் கட்டி நிரப்பாமல், இருந்த இடத்தை மட்டும் காட்டினார். பழுதுபார்ப்பு என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அவருடைய வேலையைப் பார்த்துத்தான்.

அல்காசாபா என்ற கோட்டைப் பகுதி மேற்கு முனையில். அங்கே வேலா கோபுரத்தின் மேலிருந்து பார்த்தால் நகரம், சமவெளி, சியெர்ரா நெவாதாவின் பனி எல்லாம் ஒரே வட்டத்தில் தெரியும். ஆனால் உள்படிகள் குறுகலானவை, மூட்டுவலிக்கு ஆகாது. நீங்கள் ஏறி இறங்கும்வரை அம்மா ஐந்தாம் சார்லஸ் அரண்மனையில் இருக்கட்டும்.

அந்த அரண்மனைக்கு டிக்கெட் தேவையில்லை. 1527இல் பெத்ரோ மச்சூகா தொடங்கிய கட்டடம்; வெளியே சதுரம், உள்ளே முழு வட்டமான முற்றம், இரண்டு அடுக்குத் தூண்கள். 1492இல் முஸ்லிம்களிடமிருந்து கிரனாடாவை வென்ற கிறிஸ்தவ அரசி இசபெல்லாவின் பேரனான ஐந்தாம் சார்லஸ், முஸ்லிம் அரண்மனையின் தோளோடு தோள் ஒட்டி ரோமானிய பாணியில் ஒன்றைக் கட்டினார். அதற்கான பணத்தில் பெரும்பங்கு, கிறிஸ்தவர்களாக மாற்றப்பட்ட முஸ்லிம்களான மோரிஸ்கோக்களிடம் வாங்கிய வரி. 1568இல் அவர்கள் கிளர்ந்தபோது வேலையும் நின்றது. 20ஆம் நூற்றாண்டு வரை கூரையில்லாமலே கிடந்தது. இதைக் கட்டுவதற்காக நஸ்ரி மாளிகையின் எவ்வளவு பகுதியை இடித்தார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை; ஒரு முழு அரண்மனையையே அழித்தார்கள் என்று பழைய நூல்கள் சொன்னதை இப்போது பலர் ஏற்பதில்லை. பலருக்கு இந்தக் கட்டடத்தைப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். வட்டத்தின் நடுவில் நின்று மெதுவாக ஒரு சொல் சொல்லிப் பாருங்கள், குரல் திரும்பி வரும். கீழ்த்தளத்தில் அல்ஹம்ப்ரா அருங்காட்சியகம் இருக்கிறது. மான்கள் வரைந்த பெரிய ஜாடி ஒன்று அங்கே நிற்கிறது. பெரும் கூட்டம் அதைத் தாண்டிப் போய்விடும், நீங்கள் போய்விடாதீர்கள்.

இனி நஸ்ரி மாளிகைகள். பகல் டிக்கெட் இல்லையென்றால் இரவு டிக்கெட் பாருங்கள். மாளிகைகளை மட்டும் இரவில் பார்க்கத் தனி அனுமதி உண்டு. பகல் டிக்கெட்டும் யாராவது ரத்து செய்தால் திரும்ப வரும், ஆகவே தினமும் ஒருமுறை தளத்தைத் திறந்து பாருங்கள். அதிகாரப்பூர்வ தளத்தைத் தவிர வேறெங்கும் அவசரப்பட்டு அதிக விலை கொடுக்காதீர்கள். டிக்கெட்டில் உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும். மூலப் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். மாளிகைக்குள் நுழைய ஒரு அரை மணி நேரம் குறித்திருப்பார்கள். அது தாண்டினால் விடமாட்டார்கள்; நுழைந்துவிட்டால் எவ்வளவு நேரமும் இருக்கலாம். என்னோடு வந்த ஒரு நண்பர் ஹெனராலிஃபேயில் மெய்மறந்து நின்று, அங்கிருந்து மாளிகை வாசலுக்கு இருபது நிமிட நடை என்பதை மறந்து, வாசலிலேயே திரும்பிப் போக நேர்ந்தது. அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

உள்ளே போகும் வாய்ப்புக் கிடைத்தால் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள், இரண்டு முற்றங்கள் போதும். முதலாவது மிர்ட்டில் செடி முற்றம். சுமார் 34 மீட்டர் நீளக் குளம், இரு பக்கமும் வெட்டிவிட்ட புதர் வேலி, வடக்கே கொமாரெஸ் கோபுரம். எல்லோரும் கோபுரத்தின் பிரதிபலிப்பைப் படம் எடுப்பார்கள். நீங்கள் குளத்தின் முனையில் தரையைப் பாருங்கள். தரையோடு தரையாக ஒரு சிறிய வட்டக் கிண்ணம். அதன் நடுவில் நீர் கொப்புளிக்கிறது. அங்கிருந்து ஒரு குறுகிய ஓடை குளத்துக்குள் போகிறது. கொப்புளிக்கும் நீர் கிண்ணத்தில் சுற்றி வேகம் இழந்து, ஓடையில் இன்னும் நிதானப்பட்டு, குளத்தில் சேரும் இடத்தில் ஒரு சலனம்கூட இல்லாமல் உள்ளே நழுவுகிறது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் கண்ணாடி கலங்கக் கூடாது. இந்த இரண்டையும் அந்தச் சிறு கிண்ணத்திலும் ஓடையிலும் சாதித்திருக்கிறார்கள். கட்டியவர் முதலாம் யூசுஃபோ அவர் மகன் ஐந்தாம் முகம்மதுவோ என்று பிரிப்பதைவிட, இருவர் காலத்திலும், அதாவது 14ஆம் நூற்றாண்டின் நடுவிலும் பின்பாதியிலும், வளர்ந்தது என்று சொல்வதே சரி.

கோபுரத்துக்குள் தூதர் மண்டபம். மேற்கூரையில் 8,017 மரத்துண்டுகள் நட்சத்திரங்களாக ஏழு வரிசையில் ஏறுகின்றன. ஏழு வானங்கள் என்று விளக்குவார்கள். இது வழிகாட்டிகளின் கற்பனை இல்லை, கூரைக்குக் கீழே ஓடும் குர்ஆன் அத்தியாயமே ஏழு வானங்களைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் கொலம்பஸ் இந்த அறையில்தான் அரசியிடம் அனுமதி பெற்றார் என்ற கதையை அப்படி ஏற்க முடியாது. அவருடைய ஒப்பந்தம் 1492 ஏப்ரல் 17இல் கிரனாடாவுக்கு வெளியே சாந்தா ஃபே என்ற முகாம் ஊரில் கையெழுத்தானது.

இரண்டாவது, சிங்க முற்றம். 124 தூண்கள், நடுவில் 12 சிங்கங்கள் தாங்கும் தொட்டி. மெல்லிய தூண் இவ்வளவு பெரிய வளைவைத் தாங்குகிறதே என்று வியப்பு வரும். உண்மையில் நீங்கள் பார்க்கும் வளைவு எதையும் தாங்கவில்லை. பாரத்தைத் தாங்குவது மேலே உள்ள மர உத்தரம். அதிலிருந்து திரைச்சீலை தொங்குவது போலத் தொங்குவதுதான் அந்தச் சுதை வளைவு. அதனால்தான் அதை வலைபோல ஓட்டை ஓட்டையாகச் செதுக்க முடிந்தது. தூண் தண்டும் தலைப்பும் சேரும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள், மெல்லிய கரிய கோடு தெரியும். அது ஈயத் தகடு. பாரத்தைச் சமமாகப் பரப்பவும், கட்டடம் அசைந்தால் கல் உடையாமல் இருக்கவும் வைத்தது. கிரனாடா நிலநடுக்கம் வரும் ஊர். ஆறு நூற்றாண்டாக அந்தத் தூண்கள் நிற்கின்றன.

சுதை என்றேன். நம் கோயில் கோபுரங்களில் இருப்பது சுண்ணாம்புச் சுதை, அங்கே ஜிப்சம். ஜிப்சம் சீக்கிரம் இறுகும், மென்மையாகச் செதுக்க வரும், ஆனால் ஈரம் பட்டால் கரையும். மழை குறைந்த ஊர், நீண்ட இறவாணம், அதனால் தப்பித்தது. எல்லாம் கையால் செதுக்கியது என்பார்கள். ஒரு பகுதி அப்படித்தான், ஆனால் பெரும்பகுதி அச்சில் வார்த்துச் சுவரில் பதித்து, பிறகு கையால் ஓரம் தீட்டியது. கண் மட்டத்தில் ஒரே பூவைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் எண்ணிக்கொண்டே போனால் எங்கே திரும்ப வருகிறது என்று அகப்பட்டுவிடும். ஆழமான மடிப்புகளுக்குள் பாருங்கள், நீலமும் சிவப்பும் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கும். இன்று வெள்ளையும் மஞ்சளுமாகத் தெரிகிற இந்தச் சுவர்கள் கட்டியபோது நல்ல வண்ணத்தில் இருந்தன. தயவுசெய்து தொடாதீர்கள். ஒரு விரல் பட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் வருடம் முழுக்க லட்சக்கணக்கான விரல்கள் பட்டால் ஜிப்சம் தேய்ந்து போகும். கதவோரங்களில் அந்தத் தேய்மானம் தெரியும்.

சுவரில் திரும்பத் திரும்ப வரும் எழுத்து ஒன்றுண்டு: வலா காலிப இல்லல்லாஹ், இறைவனைத் தவிர வெற்றியாளன் இல்லை. அது நஸ்ரி அரசர்களின் முழக்கம். ஒரு தடவை வழிகாட்டியிடம் கேட்டு அடையாளம் பார்த்துக்கொண்டால், அரபி தெரியாத நமக்கும் அதற்குப் பிறகு எங்கும் கண்ணில் படும். சிங்கத் தொட்டியின் விளிம்பைச் சுற்றி அரசவைக் கவிஞர் இப்னு சம்ராக்கின் வரிகள். உருகிய நீரும் உறைந்த பளிங்கும் ஒன்றாகித் தெரிவதால் இரண்டில் எது ஓடுகிறது என்றே தெரியவில்லை என்பது அதில் வரும் கருத்து. கட்டடமே தன்னைப் பற்றிப் பேசும் கவிதைகள் இவை. இப்படிக் கவிதைகளைச் சுவரில் தாங்கி நிற்கும் அரண்மனை இடைக்கால உலகில் வேறு அதிகம் மிஞ்சவில்லை.

அங்கே கேட்கும் கதைகளில் சிலவற்றைப் பற்றி எச்சரிக்க வேண்டும். அபென்செர்ராஹெஸ் மண்டபத்தின் தொட்டியில் தெரியும் செந்நிறம் அங்கே தலைவெட்டப்பட்ட பிரபுக்களின் ரத்தம் என்பார்கள். அது பளிங்கில் ஊறிய இரும்புத் துரு. இரு சகோதரிகள் மண்டபத்துக்குப் பெயர் வந்தது இரண்டு இளவரசிகளால் இல்லை, தரையில் உள்ள ஒரே மாதிரியான இரண்டு பெரிய பளிங்குப் பலகைகளால். கடைசி சுல்தான் போவப்தில் 1492 ஜனவரி 2இல் நகரை ஒப்படைத்தார் என்பது வரலாறு. கணவாயில் திரும்பிப் பார்த்து அழுததும், அவன் தாய் இடித்துரைத்ததும் பின்னால் வந்த கதை. சிங்கங்கள் 11ஆம் நூற்றாண்டின் ஒரு யூத அமைச்சர் வீட்டிலிருந்து வந்தவை என்று ஒரு காலத்தில் வலுவாக வாதிட்டார்கள். இப்போது பெரும்பாலோர் அவை இந்த முற்றத்துக்கென்றே 14ஆம் நூற்றாண்டில் செய்தவை என்கிறார்கள். தளவடிவங்கள் திரும்ப வருவதற்குக் கணிதம் அனுமதிக்கும் 17 முறைகளும் இங்கே இருக்கின்றன என்பது இன்னொரு பிரபலமான செய்தி. சிலர் ஆம் என்கிறார்கள், சிலர் குறைவாகவே ஒப்புக்கொள்கிறார்கள். எதை ஒரு வடிவமாகக் கணக்கில் எடுப்பது என்பதில்தான் தகராறு.

நகருக்குள் அரை நாள் இருக்கிறதே, அதில் அரச தேவாலயத்தை விடாதீர்கள். கதீட்ரலை ஒட்டியிருக்கிறது. அரசி இசபெல்லாவும் அவர் கணவர் ஃபெர்தினாந்தும் அங்கே கிடக்கிறார்கள். மேலே பளிங்கில் படுத்திருக்கும் பெரிய உருவங்கள். சில படிகள் இறங்கினால் ஒரு சிறிய அறையில் வெறும் கரிய ஈயப் பெட்டிகள். மேலே அல்ஹம்ப்ராவைப் பார்த்துவிட்டு இங்கே வரும்போது 1492இன் இன்னொரு பக்கம் புரியும். நகரைச் சரணடைய வைத்த ஒப்பந்தம் முஸ்லிம்களுக்கு மதச் சுதந்திரம் தருவதாகச் சொன்னது. பத்தே ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது, கட்டாய மதமாற்றம் வந்தது, அரபி நூல்கள் எரிக்கப்பட்டன. யூதர்களை ஸ்பெயினைவிட்டு வெளியேற்றும் ஆணை 1492 மார்ச் 31இல் கிரனாடாவில்தான் கையெழுத்தானது. மோரிஸ்கோக்களும் 1609 முதல் நாட்டைவிட்டே துரத்தப்பட்டார்கள். அங்கே நாம் ரசிக்கிற ஒவ்வொன்றையும் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

மாலையில் அல்பைசின், எதிர்மேட்டில் உள்ள பழைய முஸ்லிம் குடியிருப்பு. கூழாங்கல் பதித்த செங்குத்தான சந்துகள், அம்மாவுக்கு நடை வேண்டாம்; சிறிய நகரப் பேருந்து மேலே வரை போகிறது. சான் நிக்கோலாஸ் மேடையிலிருந்து அல்ஹம்ப்ராவைப் பார்க்க எல்லோரும் கூடுவார்கள், நீங்களும் பாருங்கள், ஆனால் பக்கத்தில் சால்வதோர் தேவாலயத்துக்குள்ளும் எட்டிப் பாருங்கள். அதன் முற்றம் அங்கே முன்பு இருந்த பெரிய பள்ளிவாசலின் முற்றமேதான். சந்துகளில் செங்கல் வளைவோடு சிறு கட்டடங்கள் கண்ணில் படும். அவை பொது நீர்த்தொட்டிகள், அல்ஹிபே என்பார்கள். இந்த மேட்டில் மட்டும் இருபதுக்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. அவற்றுக்கு அல்ஃபகார் என்ற ஊரின் ஊற்றிலிருந்து இன்னொரு வாய்க்கால் வந்தது. அரண்மனை வாய்க்காலைவிடப் பழையது அது, 11ஆம் நூற்றாண்டினது.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று. கிரனாடாவில் ஒரு பானம் வாங்கினால் கூடவே ஒரு சிறு தட்டு சாப்பாடு இலவசமாக வரும். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். மெல்லியதாக நறுக்கிப் பொரித்த கத்தரிக்காய் மேல் கரும்புப் பாகு ஊற்றிக் கொடுப்பார்கள். அம்மாவுக்குப் பிடிக்கும். கரும்பைக் கிரனாடாவுக்குத் தெற்கே உள்ள கடற்கரைக்குக் கொண்டுவந்து பயிரிட்டவர்களும் அரபிகள்தான்.

அம்மா பேருந்திலும் மேலே வராவிட்டால், அவர் உட்கார நல்ல இடமாக தார்ரோ ஆற்றோரம் பசேயோ தெ லோஸ் திரிஸ்தெஸ் என்ற சிறு சதுக்கத்தைச் சொல்வேன். கல்லறைக்கு மேலேறும் சவ ஊர்வலங்கள் இவ்வழியே போனதால் துயரர்களின் நடை என்று அந்தப் பெயர். இப்போது தேநீரும் காபியும் கிடைக்கும் அமைதியான இடம். தலைக்கு மேலே அல்ஹம்ப்ராவின் மதில், கீழே மெலிந்த ஆறு. நீங்கள் அல்பைசின் ஏறி இறங்கிவர ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை அவர் அங்கே இருக்கலாம். திரும்பும்போது எல்லோருமாக ஆற்றோரமாகவே நடந்து வாருங்கள், சமதளம்தான், பத்துப் பதினைந்து நிமிடம். வழியில் வலப்புறம் 11ஆம் நூற்றாண்டுக் குளியல் கூடம் ஒன்று இருக்கிறது. திறந்திருந்தால் உள்ளே போய்க் கூரையைப் பாருங்கள், நட்சத்திர வடிவத் துளைகள் வழியாக வெளிச்சம் இறங்கும். சாந்தா அனா தேவாலயத்தை அடைந்ததும் பாலத்தருகே நின்று குனிந்து பாருங்கள். வாய்க்காலுக்குள் எடுத்தது போக மிச்சமிருக்கும் தார்ரோ, அங்கே ஒரு இருண்ட வளைவுக்குள் நுழைந்து நகரத்தின் அடியில் போய்விடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் அதை மூடித் தெரு போட்டார்கள். அதன் மேல்தான் உங்கள் பேருந்து நிற்கும்.